செயலிக்கு நம்ம ஊர் மீன் கறி தெரியாது

கேள்வி: எனக்கு 46 வயது, உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. கலோரி கணக்குப் பார்க்கும் செயலியை மகன் போனில் போட்டுத் தந்து, கையில் வாட்சும் கட்டிவிட்டான். ஒரு மாதமாகச் சாப்பிட்டதையெல்லாம் விடாமல் எழுதுகிறேன், தினமும் 1,400-க்குள்தான் வருகிறது. எடை அரை கிலோகூட இறங்கவில்லை. வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும்தான். கிழங்கை விட்டுவிடட்டுமா மேடம்? சுகருக்கு மாத்திரையும் போடுகிறேன்.
- வாசகி, கருங்கல்

பதில்: விட வேண்டாம். எனக்குச் சந்தேகம் உங்கள் கணக்கில்தான். செயலியில் மீன் கறி என்று தேடினால் வருவது எங்கோ யாரோ வைத்த கறி, அதில் தேங்காய் சேர்ந்ததா என்பதே தெரியாது, நம்ம ஊரிலோ தேங்காய் அரைக்காமல் மீன் கறி ஏது? 100 கிராம் துருவலில் 350 கலோரிக்குக் குறையாது, தாளிக்கிற தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120. இந்த இரண்டும் நீங்கள் எழுதியதில் ஏறவே இல்லை என்று நினைக்கிறேன். கிழங்கிலும் குழப்பம் வரும்: டேப்பியோக்கா என்று தேடினால் காய்ந்த ஜவ்வரிசி வந்து நிற்கலாம், அது 100 கிராமுக்கு 350-க்கு மேல், கிழங்கு சுமார் 160 தான். கசாவா என்று தேடுங்கள்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். அடுத்த முறை கறி வைக்கும்போது மீன், தேங்காய், எண்ணெய் மூன்றையும் எடை போட்டு, சொந்தச் சமையலைச் சேர்க்கும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் அதில் பதிந்து, எத்தனை பேருக்கு என்பதையும் போடுங்கள். வீட்டில் கறி எப்போதும் ஒரே பக்குவத்தில்தானே வைக்கிறோம், அப்புறம் தினமும் மெனக்கெட வேண்டாம்.

வாட்ச் நடையை ஓரளவு சரியாக எண்ணும். ஆனால் இத்தனை கலோரி எரிந்தது என்று அது காட்டுவதை நம்பி ரெண்டு பழம்பொரி கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீர்கள், அந்தக் கணக்கு நிறையவே தப்பும்.

கிழங்கில் 100 கிராமுக்கு 38 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது, சுகருக்கும் அது அதிகம் ஆகாது என்பதால் பாதியாக்கி, மீன் துண்டும் ஒரு தோரனும் (காய்ப் பொரியல்) கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நாளைக்கே வேண்டாம். மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஒரு வாரம் சரியாக எழுதிய கணக்கைப் போனோடு கொண்டுபோய் உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் குறையுங்கள். நடுவில் கை நடுங்கினாலோ வியர்த்தாலோ காத்திருக்காமல் சீனி கரைத்த தண்ணீர் குடித்துவிடுங்கள், அன்றைய கலோரியைப் பார்க்க வேண்டாம்.