வாங்கும் முன் கேளுங்கள்: போர்ட்டர் பீருக்கு எந்த ஹாப்ஸ்?

கேள்வி: வீட்டில் 20 லிட்டர் போர்ட்டர் (கருநிற பீர்) காய்ச்சப் போகிறேன். கடையில் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ், ஃபக்கிள், மேக்னம் என்று மூன்று வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) இருக்கின்றன. எதை வாங்க? – குரோய்டன் வாசகர்

பதில்: போர்ட்டர் லண்டனில் பிறந்த சரக்கு. கோல்டிங்ஸும் ஃபக்கிளும் அதற்குப் பழகிய ஜோடி. தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் சாற்றின் அடர்த்தி, தண்ணீருக்கு 1.000) 1.050 என்றால் 30 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு) போதும். கருக வறுத்த மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) கொஞ்சம் கசப்பைத் தந்துவிடும். 5% ஆல்ஃபா அமிலமுள்ள (ஹாப்ஸில் கசப்பைத் தருவது இதுதான்) கோல்டிங்ஸ் 47 கிராமை 60 நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்குவதற்கு 10 நிமிடம் முன் ஃபக்கிள் 15 கிராம், மணத்துக்கு. சிக்கனம் வேண்டுமா? கோல்டிங்ஸுக்குப் பதில் 12% மேக்னம் 20 கிராம். போர்ட்டரில் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் குறைவு.

கேள்வி: பாக்கெட்டில் ஆல்ஃபா அளவே போடவில்லை. சராசரியாக 5% என்று வைத்துக்கொள்ளலாமா? – லெஸ்டர் வாசகி

பதில்: கூடாது. ஆல்ஃபா அளவும் அறுவடை ஆண்டும் இல்லாத ஹாப்ஸ், காலாவதித் தேதி இல்லாத மாத்திரைக்குச் சமம். கோல்டிங்ஸ் ஓர் ஆண்டு 4%, மறு ஆண்டு 6% என்று விளையும். அதே 47 கிராம் ஒரு தடவை 22 ஐபியூ தரும், மறு தடவை 33. போதாததற்கு, காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் ஆல்ஃபா கரைந்துகொண்டே போகும். இங்கிலாந்தில் அறுவடை செப்டம்பரில். அதன் பிறகு அது ஃபாயில் பையில், காற்று நீக்கி, குளிரில் இருக்க வேண்டிய பொருள். அதைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே தோரணம் கட்டி வைக்கிறார்கள்! பச்சை மங்கிப் பழுப்பேறியிருந்தால் தொடாதீர்கள். பாதி விலை என்று அப்படி அரைக் கிலோ நானும் வாங்கியிருக்கிறேன். பிரித்ததும் புளித்த சீஸ் வாடை, நேரே குப்பைக்கு.

கேள்வி: 'இந்த ஆண்டு அறுவடை' என்ற விளம்பரத்தை நம்பி ஆன்லைனில் வாங்கினேன். வந்த பையில் இரண்டு ஆண்டு பழைய தேதி. உணவுப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். – ஹாரோ வாசகர்

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, விட்டுக்கொடுக்காதீர்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்குச் சொல்ல வேண்டிய சாக்கை உங்களிடம் சொல்கிறார்கள். சொன்ன விவரமும் வந்த பொருளும் பொருந்தாவிட்டால், பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கலாம். பையைப் பிரிக்காமல் தேதியைப் படமெடுங்கள், விளம்பரத்தையும் சேமியுங்கள், மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். மசியவில்லையென்றால், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் சிட்ரா (எலுமிச்சை வகை மணமுள்ள ஹாப்ஸ்) 200 கிராம் வாங்கிவிட்டேன். போர்ட்டரில் போடலாமா?

பதில்: டிகாக்‌ஷனில் சாத்துக்குடி பிழிவீர்களா? ஃப்ரீசரில் வையுங்கள், பேல் ஏல் என்னும் வெளிர்நிற பீருக்கு ஆகும்.

கேள்வி: செய்முறையில் கோல்டிங்ஸ் 50 கிராம். கிடைக்காததால் டார்கெட் 50 கிராம் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. கடைக்காரரிடம் பணம் கேட்கலாமா?

பதில்: எதற்கு? டார்கெட்டின் ஆல்ஃபா சுமார் 11%, பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். படிக்காமல் கொட்டினால் 60 ஐபியூவைத் தாண்டத்தான் செய்யும். மாற்று ஹாப்ஸ் வாங்கும்போது எடையைப் பார்க்காதீர்கள். எடையை ஆல்ஃபாவால் பெருக்கிப் பாருங்கள். 50 × 5 = 250. அதை 11ஆல் வகுத்தால் 23 கிராம். இப்போது இருப்பதைக் கசப்புக் குறைந்த இன்னொரு போர்ட்டரோடு கலக்கலாம். வேறு வழியில்லை.

கேள்வி: ஹாப்ஸ் வாங்கும்போது பெல்லட்டா (பொடித்து அழுத்திய சிறு உருண்டை), முழுப் பூவா?

பதில்: பெல்லட். பூ இடத்தை அடைக்கும், சாற்றைக் குடிக்கும், கசப்பும் பத்தில் ஒரு பங்கு குறைவு.

கேள்வி: கொதித்த சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் போடலாமா?

பதில்: வீட்டில் நாய் இருந்தால் வேண்டாம். ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் கொதித்து உயிரே போகலாம். மூடியுள்ள தொட்டியில் போடுங்கள்.