ஆறு புள்ளி எட்டு – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு வயது 66, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருந்ததால் ஒன்றரை வருடமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் புரதம்) 6.8 என்று வந்தது, புராஸ்டேட் புற்றாக இருக்குமோ என்ற சந்தேகம். எம்.ஆர்.ஐ. எடுப்போம், தேவைப்பட்டால் ஊசியால் சதைத்துணுக்கு எடுத்து பயாப்சி பார்ப்போம் என்கிறார் யூராலஜி டாக்டர். ஊசி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். ஆபரேஷன் செய்தால் சிறுநீர் நிற்காது, ஆண்மையும் போய்விடும் என்கிறார்கள். தெரியாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்கள் மாமாவைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த மாத்திரை அட்டையை எடுத்து, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள். டாம்சுலோசின் மட்டும்தானா, கூடவே டுடாஸ்டரைடு அல்லது ஃபினாஸ்டரைடு இருக்கிறதா? நம் ஊரில் இரண்டும் சேர்ந்த மாத்திரையை நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். டுடாஸ்டரைடும் ஃபினாஸ்டரைடும் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும். அப்படியானால் உங்கள் 6.8ஐ ஏறக்குறைய 13.6 என்றுதான் படிக்க வேண்டும். டாக்டருக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

அந்த மருந்துகள் இல்லையென்றால், 6.8 அவ்வளவு பெரிய எண் இல்லை. வயதானால் வரும் சாதாரண வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும் பி.எஸ்.ஏ. ஏறும். 4க்கும் 10க்கும் நடுவில் இருப்பவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் புற்று தெரிகிறது. தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தால் சிலருக்கு அளவு தானே இறங்கியிருக்கும்.

நான் டாக்டர் இல்லை, மாமாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். அவரும் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்தார். வயசானால் அப்படித்தான் என்றார். பிறகு முதுகு வலித்தது. எட்டு மாதம் தைலமும் வெந்நீர்ப் பையும்தான். ஒரு டாக்டர் வலி மாத்திரை மட்டும் எழுதித் தந்துகொண்டிருந்தார். கடைசியில் எலும்பு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டியபோது, முதுகெலும்பு நெடுகக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது, புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவியிருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "இதுவா வலிச்சுது?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு, ஆண் ஹார்மோனை நிறுத்த விதைகளை எடுக்கும் ஆபரேஷனா, ஹார்மோன் ஊசியா என்பதைத் தவிர அவர் முடிவு செய்ய எதுவும் மிஞ்சவில்லை. தெரியாமலே இருந்துவிடலாமா என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது.

நீங்கள் ஆபரேஷனுக்குப் பயந்து எம்.ஆர்.ஐ.யை வேண்டாம் என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ இடத்தில் நிற்கலாம், ஐயா. எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால் பலருக்கு பயாப்சியே தேவைப்படாது. பயாப்சியில் புற்று என்று வந்தாலும், கிளீசன் 6 என்ற தணிந்த வகையாக இருந்தால் உடனே கத்தி எடுக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ., அவ்வப்போது எம்.ஆர்.ஐ. என்று கவனித்தபடியே இருப்பார்கள். என் நண்பர் ஒருவர் ஐந்து வருடமாக அப்படித்தான் இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வந்த எண்ணை நீல மையில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இப்போதும் காலையில் நடக்கப் போகிறார்.

பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையுள்ள 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் புற்று சுரப்பிக்குள்ளேயே இருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. 2023இல் முடிவு வந்தது. அந்தப் புற்றால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர், மூன்று பிரிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் புற்று பரவியவர்கள் மற்ற பிரிவுகளைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாதிக்கு மேற்பட்டவர்கள் பின்னால் சிகிச்சைக்கு மாறினார்கள். ஆகவே உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது, மறந்துவிடத்தான் நேரம் இல்லை.

ஊசியால் பரவும் என்பதை நம்பாதீர்கள். உண்மையான அபாயம் தொற்று. மலக்குடல் வழியாக எடுப்பதைவிட, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாக எடுத்தால் தொற்று குறைவு. எந்த வழி என்று கேளுங்கள். சர்க்கரை இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரிலும் விந்திலும் சில நாள் ரத்தம் தெரியும்.

ஆபரேஷன் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. சிறுநீர்க் கசிவு வருகிறது, பலருக்கு மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வருகிறது, சிலருக்கு நிற்பதே இல்லை. விறைப்புக் குறைவது இன்னும் அதிகம். கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சில் கசிவு குறைவு, குடல் தொந்தரவு உண்டு. அந்தக் கட்டம் வந்தால், இவையெல்லாம் உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் பேசுங்கள். அதைச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது.

உங்களுக்கு 80 வயது, இதயமும் பலவீனம் என்று எழுதியிருந்தால், விட்டுவிடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். பெரும்பாலும் மெதுவாக வளரும் நோய் இது. தொந்தரவு எதுவும் இல்லாத, 70 தாண்டியவர்களுக்கு பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவே 2018இல் சொன்னது. உங்களுக்கு 66தான். அடுத்த 15 வருடத்தை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

அப்புறம், வீட்டில் உங்கள் மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாமா எட்டு மாதம் மறைத்தார். அத்தை இன்னும் அந்த வெந்நீர்ப் பையைத் தூக்கிப் போடவில்லை, நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே என்று இப்போதும் அழுகிறார். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் நீங்கள் தவறவிடும் பாதியை அவர் கேட்டு வைத்துக்கொள்வார்.

எம்.ஆர்.ஐ. வந்ததும் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.