இல்லையா, கண்ணில் படவில்லையா?

போன முறை பட்ட மரத்துக்குள் வாழும் வண்டுகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன், அவற்றையும் கணக்கெடுத்து அழியும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று. அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை முழுக்க வண்டுதான், பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

கேள்வி: மரத்துக்குள் ஒளிந்திருக்கும் வண்டை எப்படி எண்ணுவது? மரத்தைப் பிளந்தா பார்ப்பார்கள்?

பிளந்தால் வண்டு கிடைக்கும், ஆனால் அடுத்த வருஷம் எண்ணுவதற்கு அங்கே எதுவும் இருக்காது. அதனால் வெளியே வரும்போது பிடிப்பதுதான் வழக்கம். அதிகம் பயன்படுவது தடுப்புப் பொறி: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பொந்துக்கு முன்னால் தொங்கவிட்டு, அடியில் ஒரு புனலும் குப்பியும் மாட்டுவார்கள். பறந்து வந்து எதிலாவது முட்டினால் ஈயும் குளவியும் பெரும்பாலும் மேல்நோக்கித் தப்பிக்கப் பார்க்கும், வண்டு இறக்கையை மடக்கிக்கொண்டு தொப்பென்று கீழே விழும், பொறி வேலை செய்வதே இந்தக் குணத்தை நம்பித்தான். குப்பியில் திரவம் ஊற்றினால் விழுந்தது எல்லாம் செத்துவிடும், ஆகவே ஏற்கெனவே அரிதான இனம் இருக்கும் இடத்தில் அதைச் செய்யக் கூடாது, உலர்ந்த குப்பி வைத்துத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தினமும் போவதுதான் பலருக்கு முடியாமல் போகிறது.

எனக்குப் பிடித்தது பொந்து வேலை. வயதான ஓக் மரத்தின் பொந்துக்குள் கை விட்டால் ஈரமும் உலர்வும் கலந்த ஒரு தூள் வரும், செம்பழுப்பு நிறத்தில், காப்பித்தூள் மாதிரி. பல வருஷமாகப் பூஞ்சையும் புழுக்களும் சேர்ந்து மரத்தை உளுக்க வைத்துச் சேர்த்தது. அதில் ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பினால், நெல்மணி அளவில் இரண்டு முனையும் மழுங்கிய எச்ச உருண்டைகள் தெரியும். ஐரோப்பாவில் ஆஸ்மோடெர்மா எரெமிட்டா என்ற துறவி வண்டின் புழு இருப்பதற்கு அதுதான் அடையாளம். பார்த்து முடித்ததும் தூளை அப்படியே உள்ளே போட்டுவிட வேண்டும். வண்டையே பார்க்காமல் வண்டு இருக்கிறது என்று எழுதிவிடலாம்.

இந்தத் துறவி வண்டின் ஆணுக்குப் பீச் பழ வாசனை, அதை மோந்து பெண் தேடி வரும். அந்த வாசனைக்குக் காரணமான காமா-டெக்காலாக்டோன் என்ற பொருளைப் பொறியில் வைத்தே இப்போது பிடிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், துறவி வண்டின் புழுவைத் தின்னும் இன்னொரு வண்டும் அதே வாசனைக்கு வந்து மாட்டும், ஒரு பொறியில் இரண்டு கணக்கு. இத்தாலியில் இந்தப் புழுவை மோப்பம் பிடிக்க நாய்க்கே பயிற்சி கொடுத்தார்கள்.

கேள்வி: ஒரு பூங்காவில் முதல் வருஷம் 3 வண்டு, அடுத்த வருஷம் ஒன்றுகூட இல்லை. அழிந்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் என்பேன். மான்கொம்பு வண்டை எடுத்துக்கொள்ளுங்கள், மண்ணுக்குள் உளுத்த அடிமரத்தைத் தின்றுகொண்டு பல வருஷம் புழுவாகவே இருந்துவிட்டு, வண்டாகிக் கோடையில் சில வாரம்தான் வெளியே சுற்றும். நீங்கள் போன நாள் குளிராக இருந்தால் பறக்காது, ஒரு வாரம் தாமதமாகப் போனால் ஆட்டம் முடிந்திருக்கும். ஆகவே ஒரே பாதையில், அந்தி நேரத்தில், ஒரே தூரம், பல தடவை நடந்து, ஒன்றும் கிடைக்காத நாளையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். அந்தப் பூஜ்யங்கள் இருந்தால்தான், வண்டு இருந்தும் கண்ணில் படாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட முடியும். கிடைத்த நாளை மட்டும் எழுதுகிறவரின் நோட்டு ஆல்பம்தான், கணக்கெடுப்பு ஆகாது.

துறவி வண்டு விஷயத்தில் இன்னொரு சிக்கல். சுவீடனில் வண்டுகளைப் பிடித்து அடையாளம் வைத்து விட்டுப் பார்த்தபோது (2001-இல் வெளியான ஆய்வு), பிறந்த மரத்தை விட்டுக் கிளம்புவது சுமார் 15 சதவீதம்தான் என்று தெரிந்தது. மற்றவை அதே பொந்தில் பிறந்து, கூடி, முட்டையிட்டு அங்கேயே செத்துவிடும். அப்படியானால் எண்ண வேண்டியது வண்டையா மரத்தையா? என்னைக் கேட்டால் மரத்தைத்தான். பொந்துள்ள மரம் எத்தனை, அதில் எத்தனையில் வண்டு இருக்கிறது, பொந்து விழும் வயதை எட்டப்போகும் அடுத்த தலைமுறை மரங்கள் பக்கத்தில் இருக்கின்றனவா. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை.

கேள்வி: அழியும் ஆபத்தில் உள்ளவற்றைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் எந்த அடிப்படையில் சேர்க்கிறார்கள்? நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்வதா?

உட்காருவது உண்மைதான், ஆனால் அளவுகோல் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் விதிப்படி, வண்டு இருக்கும் இடங்களை 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் போட்டு எண்ணுவார்கள். மொத்தம் 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழே என்றால் மிக ஆபத்தான நிலைக்கு ஒரு தகுதி வந்துவிடும், ஆனால் அது மட்டும் போதாது, தொடர்ந்து குறைகிறதா, இடங்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்பதும் சேர வேண்டும். ஒரே ஒரு மரத்தில் வாழ்ந்தாலும் காகிதத்தில் அது 4 சதுர கிலோமீட்டர்! எண்ணிக்கை குறைவதை வைத்துப் பார்ப்பதானால் 10 வருஷம் அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அந்தக் காலத்துக்குப் பார்க்க வேண்டும். புழுப் பருவமே பல வருஷம் நீளும் இனத்துக்கு மூன்று தலைமுறைத் தகவல் யாரிடம் இருக்கிறது? அதனால்தான் 'தகவல் போதாது' என்ற பெட்டியில் நிறைய விழுகின்றன. ஐரோப்பாவில் இப்படிப் பட்ட மரத்தை நம்பி வாழும் வண்டுகளில் 2010-இல் 436 இனங்களைப் பார்த்தார்கள், 2018-இல் 693, இரண்டாவது முறை சுமார் 18 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். முதல் முறை அது 11. எட்டு வருஷத்தில் நிலைமை அவ்வளவு மோசமானது என்று இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள், பார்த்த இனங்களே வேறு வேறு.

கேள்வி: பட்ட மரத்தை அப்படியே விட்டால் வண்டு நல்ல மரத்துக்கும் பரவாதா?

பெரும்பாலும் இல்லை. உளுத்ததைத் தின்னும் புழுவுக்குப் பச்சை மரம் உணவே இல்லை. ஸ்புரூஸ் மரத்தைத் தாக்கும் பட்டை வண்டு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றுக்கும் பட்டுப்போய்ப் பத்து வருஷமான மரம் வேண்டாம்.

கேள்வி: வெட்டி அடுக்கிய கட்டைகளில் நீல நிற வண்டுகள் நிறைய வருகின்றனவே, பெருகுகிறது என்றுதானே அர்த்தம்?

நீங்கள் சொல்வது ரோசாலியா ஆல்பினா என்றால், வெயில் படும் பீச் மரக்கட்டை அதற்கு ரொம்பப் பிடிக்கும், பல மைலில் இருப்பது அங்கே கூடியது மாதிரித் தோன்றும். முட்டையிடும். அப்புறம் லாரி வந்து கட்டையை முட்டையோடு ஏற்றிப் போய்விடும். அடுக்கில் எண்ணியதைத் தனியாக எழுதுங்கள், நிற்கும் மரத்துக் கணக்கோடு கலக்காதீர்கள்.

கேள்வி: நானும் பார்க்க ஆசை. பட்டையை உரித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். உரித்த பட்டை திரும்ப ஒட்டாது, அடியில் இருந்த ஈரம் காய்ந்துவிடும். துளைகளைப் பாருங்கள்: வட்டமா, நீள்வட்டமா, ஒரு பக்கம் தட்டையாகவா? ஓரம் வெளிறி, கீழே புதுத் தூள் கொட்டிக் கிடந்தால் சமீபத்தில்தான் வெளியே வந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுங்கள், எந்த மரம், எவ்வளவு உயரத்தில், எந்தத் திசை, என்ன தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் அனுப்பினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.