ஆண்டுக்கு ஒரு முறைதான் சொந்த ஊருக்குப் போக முடியும் என்றால், எந்தக் காலத்தில் போவது நல்லது?

பண்டிகையை ஒட்டிப் போவதே நல்லது என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெங்களூரில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஊர், ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். தொடக்கத்தில் தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான் ஊருக்குப் போவேன். கடந்த சில ஆண்டுகளாக மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டுமே போகிறேன். அதற்குக் காரணம் அப்பா.

அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகும் மீனவர். படகு அவருடையது அல்ல. பிடிபடும் மீனில் கிடைக்கும் பங்குதான் அவருடைய வருமானம். ராமேசுவரத்து விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய 3 நாட்கள் கடலுக்குப் போகும். காலையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். திரும்பிய பிறகு மீனை இறக்கி, தரம் பிரித்து, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் அவர் மாலையில்தான் எழுவார். ஒரு தீபாவளிக்கு 4 நாள் விடுப்பில் போயிருந்தபோது, புதன்கிழமை காலை அவர் கடலுக்குப் போனார். அன்றிரவே எனக்குப் பேருந்து. மறுநாள் காலை பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் இறங்கும்போது அம்மா போன் செய்தார். "அப்பா இப்பத்தான் கரைக்கு வந்தாரு. தம்பி கெளம்பிட்டானான்னு கேக்குறாரு" என்றார். நான் கிளம்பிவிட்டது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அடுத்த ஆண்டே விடுப்பை ஏப்ரல், மே மாதங்களுக்கு மாற்றிக்கொண்டேன்.

மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு இது 45 நாட்களாக இருந்தது. அந்த நாட்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்த்து வண்ணம் பூசுவார்கள். பங்கு வருமானம் நின்றுவிடும். அரசு தரும் நிவாரணத் தொகையும், அம்மா மல்லிகை நாற்றுத் தோட்டத்தில் வேலைக்குப் போய்க் கொண்டுவரும் கூலியும்தான் வீட்டை நடத்தும். (எங்கள் ஊர் மணலில் வேர்பிடித்த மல்லிகை நாற்றுகள் வெளியூர்களுக்கெல்லாம் போகின்றன என்பதை இங்கே பூ வாங்கும் பலர் அறிய மாட்டார்கள்.) ஆகவே வீட்டில் கை இறுக்கமான காலம் அது. ஆனால் அப்பா வீட்டில் இருக்கும் காலமும் அதுதான். படகு திரும்பிவிட்டதா, எல்லையில் யாரையாவது பிடித்துவிட்டார்களா என்ற பயமின்றி அம்மா நிம்மதியாக உறங்குவதும் அந்த இரவுகளில்தான். கர்நாடகப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் அப்போதே வருவதால், மகளையும் ஒரு மாதம் அங்கே விட முடிகிறது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுரை வரை ரயிலிலும் அங்கிருந்து ராமேசுவரம் ரயிலிலும் போகிறோம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்ட பிறகு, தீவுக்கு முந்தைய நிலையமான மண்டபத்தோடு இறங்கிச் சாலைப் பாலத்தில் கடலைக் கடக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதிலிருந்து மறுபடியும் ரயிலிலேயே தீவுக்குள் நுழைகிறோம். கப்பலுக்கு வழிவிட, நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும். மகள் அதைப் பார்க்க ஆசைப்படுவாள். எனக்கோ, மண்டபம் தாண்டியதும் சன்னல் வழியாக முகத்தில் அடிக்கும் அந்த உப்புக் காற்றே போதும்.

வீட்டில் என்ன செய்வோம் என்று கேட்டால், பெரும்பாலும் வேப்பமரத்தடியில் அப்பாவோடு உட்கார்ந்திருப்போம். அவர் வலை பொத்துவார். காலின் பெருவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த ஓரத்தை முதலில் கத்தியால் நறுக்கிச் சீராக்குவார். உள்ளங்கை அளவு ஓட்டையை அப்படி அதன் இருமடங்காக்கிவிட்டுத்தான் தைக்கவே தொடங்குவார். நைலான் நூல் சுற்றிய ஊசி கண்ணிக்குள் நுழைந்து வெளியே வரும்போதெல்லாம் இடது கைக் கட்டைவிரல் முடிச்சை அழுத்தும். அந்த விரலின் ஓரத்தில் நூல் அறுத்து அறுத்துக் காய்ப்புக் காய்ந்த கோடு ஒன்று இருக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகுதான் அதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு முன்பு அவர் அருகில் அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்ததே இல்லை.

பேரக்குழந்தைக்கு அவர் கற்றுக்கொடுப்பது காற்றுகளின் பெயர்களை. மழைக்காலத்தில் வடக்கிலிருந்து அடிக்கும் வாடை, கிழக்கிலிருந்து வரும் கொண்டல், கோடையில் மேற்கிலிருந்து எழும் கச்சான். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் போனால் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காலத்தில் வடகடல் சீறும், தென்கடல் அடங்கும். கச்சான் எழுந்தால் அதற்கு நேர்மாறு. காலையில் எழுந்ததும் வாசலில் நின்று, இன்று எந்தக் கடலில் குளிக்கலாம் என்று தாத்தாவுக்கு அவளே சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அவர் திருத்த மாட்டார். அவள் சொன்ன கரைக்கே அழைத்துப்போய் அலையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்.

அப்பத்தா இருந்தவரை ஒருநாள் அவரையும் தனுஷ்கோடிக்கு அழைத்துப்போவோம். அவர் அங்கேதான் பிறந்தார். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலோடு போனபோது அவருக்குச் சின்ன வயது. தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகும், இடிந்த தேவாலயத்தைத் தாண்டி அவர் வந்ததே இல்லை. வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி, இறங்கி, சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு நிற்பார். வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் காதை மூடிக்கொண்டுதான் நிற்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காததே சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

என்னைப் போல் கை இறுக்கமான காலத்தில் வீட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன். போய் இறங்கியதுமே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். முதல் ஆண்டு நான் அப்படிச் செய்தபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். இரவு வரை வரவில்லை. இப்போது மளிகைக் கடைப் பாக்கியை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நேராகக் கடைக்காரரிடமே கட்டிவிடுகிறேன். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் கரையில் கொஞ்சம் மீன் கிடைக்கும், ஆனால் விலை அதிகம். அதை வாங்கும் வேலையை மட்டும் அப்பாவிடமே விட்டுவிடுகிறேன். பேத்திக்கு மீன் வாங்கிக் கொடுப்பது அவருடைய உரிமை.

மே மாதக் கடைசியில் பெங்களூருக்குத் திரும்பிவிடுவோம். தடை முடிந்து முதல் முறை கடலுக்குப் போவதற்கு முன், ஐஸ் ஏற்றியாகிவிட்டது என்று துறைமுகத்திலிருந்து அப்பா போன் செய்வார். கடந்த ஜூனில் மகள்தான் போனை எடுத்தாள். எங்கள் தெருவில் அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் பால்கனிக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இங்க கச்சான் அடிக்குது. அங்க தென்கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.