ஃபார்மட் வேணாம், முதல்ல அந்த நீல ஸ்கிரீனைப் படிங்க

கேள்வி: அண்ணா வணக்கம். குடியாத்தத்துல டிடிபி சென்டர் வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்லதான். ரெண்டு மாசமா திடீர் திடீர்னு ப்ளூ ஸ்கிரீன் வருது. கோரல்டிரால வேலை பண்ணும்போதும் வருது, சும்மா விட்டுட்டு டீ குடிக்கப் போனா அப்பவும் வருது. ஒருநாள் மெமரி மேனேஜ்மென்ட்னு போட்டுச்சு, இன்னொருநாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்னு போட்டுச்சு. சர்வீஸ் பண்றவரு ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்சுட்டாரு, நாலு நாள் நல்லா ஓடிட்டு திரும்ப அதே கதை. பொங்கலுக்கு அப்புறம் ஒரு 8 ஜிபி ரேம் சேர்த்துப் போட்டேன், வேற எதுவும் மாத்தல. இப்ப மூணாவது தடவை ஃபார்மட் பண்ணலாம்ங்கறாரு. பண்ணவா?

பதில்: பண்ணாதீங்க தங்கச்சி. ரெண்டு தடவை புது விண்டோஸ் போட்டும் அதே பிரச்னை வருதுன்னா விண்டோஸ் மேல பழி போடறதுல அர்த்தமே இல்ல. முதல் வேலையா உங்க டிசைன் ஃபைல் எல்லாத்தையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்து வையுங்க. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, என் தம்பி பொண்ணோட காலேஜ் ப்ராஜெக்ட் மொத்தமும் வேலூர்ல ஒரு கடையில கேக்காம கொள்ளாம ஃபார்மட் அடிச்சதுல போயிடுச்சு, அந்தப் புள்ள ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல.

நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. நீல ஸ்கிரீன்ல போடற எரர் பேரு, அதாவது கோட், ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வருது பாருங்க, அதுதான் துப்பு. எப்பவும் ஒரே கோட் வந்து கீழ ஏதோ ஒரு எஸ்ஒய்எஸ் ஃபைல் பேரும் காட்டுச்சுன்னா பெரும்பாலும் டிரைவர் (பார்ட்ஸை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) தகராறு. 2024 ஜூலை 19 அன்னிக்கு கிரவுட்ஸ்டிரைக்ங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனியோட அப்டேட்டால உலகம் பூரா சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர் விழுந்துச்சே, அது அந்த ரகம். உங்களுது அப்படி இல்ல, இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னா ரேம் மேலதான் என் சந்தேகம், அதுவும் பொங்கலுக்கு அப்புறம் போட்ட அந்த ரேம் மேல.

கரண்ட் ஒயரைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க, கேபினட்டோட இரும்பைத் தொட்டுட்டு ரெண்டு ரேமையும் கழட்டுங்க. தங்கக் கலர் பின்னை சுத்தமான பென்சில் ரப்பரால மெல்லத் தேய்ச்சு தூளை நல்லாத் தட்டி விடுங்க, ஸ்லாட்டுல தூசி இருந்தா பிரஷ்ஷால எடுங்க. அப்புறம் பழைய ரேமை மட்டும் போட்டு மூணு நாள் வேலை பண்ணுங்க. பிரச்னை வரலையா, அதைக் கழட்டிட்டு அதே ஸ்லாட்டுல புதுசை மட்டும் போட்டு மூணு நாள் ஓட்டுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, ரெண்டை சேர்த்து மாத்தினா எதனால சரியாச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. தனித்தனியா ரெண்டும் நல்லா ஓடி, சேர்த்துப் போட்டா மட்டும் விழுதுன்னா ரெண்டுக்கும் ஜோடி சேரலைன்னு அர்த்தம், பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை கூடுதல் வேகத்துல ஓட்டற செட்டிங், ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிப் பாருங்க, அப்பவும் கேக்கலைன்னா ஒரே பாக்கெட்ல வர்ற ஜோடி ரேம்தான் வாங்கணும்.

மூணு நாள் பொறுக்க முடியாதுன்னா மெம்டெஸ்ட்86ங்கற ரேம் டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேரை பென் டிரைவ்ல ஏத்தி ராத்திரி பூரா ஓட விடுங்க, ஃப்ரீ வெர்ஷனே நாலு பாஸ் (முழு ரவுண்டு) ஓடும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான், வாரன்ட்டி இருந்தா அந்த ரேமைத் திருப்பிக் குடுத்துடுங்க. விண்டோஸ்லயே இருக்கற மெமரி டயக்னாஸ்டிக் சில சமயம் கோட்டை விட்டுடும், அதை மட்டும் நம்ப வேணாம்.

நம்ம ஊரு வெயிலை நினைச்சு சூடா இருக்குமோன்னு எல்லாரும் கேப்பாங்க. அக்னி நட்சத்திரத்துல தூசி அடைச்ச ஃபேனோட கம்ப்யூட்டர் திணறுறது நிஜம்தான், ஆனா ரொம்ப சூடானா ப்ராசசர் முதல்ல வேகத்தைக் குறைச்சுக்கும், அப்புறம் பட்டுனு ஆஃப் ஆயிடும், நீல ஸ்கிரீன்ல கோட் எழுதிக் காட்டிட்டுப் போறது கம்மி. அப்படி ஒண்ணும் காட்டாம பட்டுனு அணைஞ்சா சூடு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கற பெட்டி), கரண்ட் இந்த மூணையும் பாருங்க.

இன்னொண்ணு, அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரிக்குள்ள போய் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்ங்கற டிக்கை எடுத்துடுங்க, ஸ்கிரீன் அப்படியே நிக்கும், செல்ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கலாம். மூணாவது தடவை ஃபார்மட்ங்கறவருகிட்ட அந்த போட்டோவைக் காட்டிப் பேசுங்க.

கேள்வி: எனக்கு ப்ளூ ஸ்கிரீனே வரல சார், கறுப்பா வந்து ரீஸ்டார்ட் ஆகுது. இது வேற வியாதியா? (ஆற்காடு வாசகர்)

பதில்: விண்டோஸ் 11ல 2025 அப்டேட்டுக்கு அப்புறம் அந்த நீலத்தையே கறுப்பா மாத்திட்டாங்க. அதுல ஸ்டாப் கோட் எழுதியிருந்தா அதேதான், மேல சொன்னதையே செய்யுங்க. எழுத்தே இல்லாம வெறும் இருட்டுன்னா முதல்ல எஸ்எம்பிஎஸ்ஸை செக் பண்ணச் சொல்லுங்க.