பேட்டின்சனுக்கு பேட்மேன் வேஷம் பொருந்துமா?

கேள்வி: 2022-இல் வந்த ‘தி பேட்மேன்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். ராபர்ட் பேட்டின்சன் எந்நேரமும் தூக்கம் கெட்டவர் போலவே இருக்கிறார். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் கோடீஸ்வரர் புரூஸ் வேய்னின் மிடுக்கு துளிகூட இல்லை. தப்பான ஆளைத்தானே போட்டிருக்கிறார்கள்?

பதில்: இல்லவே இல்லை. தூக்கம் கெட்டவர் போல இருக்கிறார் என்கிறீர்களே, அந்தக் கதைக்கு அதுதான் வேண்டும். பேட்மேனாகக் கிளம்பி இரண்டாவது வருடம்தான் ஆகிறது. ராத்திரி முழுக்க அடிதடி. ஊரோடு பழகவே தெரியாத புரூஸ். மிடுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தவர் இயக்குநர் மேட் ரீவ்ஸ். அந்தக் கணக்கை நடிகர் தலையில் எழுதுவது சரியில்லை.

பேட்மேன் வேஷத்தில் நடிகருக்கு மிஞ்சுவது கண்ணும் வாயும் தாடையும்தான். 1989-இல் மைக்கேல் கீட்டன் போட்ட ரப்பர் உடையில் கழுத்தைக்கூடத் திருப்ப முடியாது. உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். காமெடி நடிகருக்கு இந்த வேஷமா என்று அப்போது ரசிகர்கள் படத் தயாரிப்பு நிறுவனமான வார்னர் பிரதர்ஸுக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். படம் வந்ததும் பேச்சு அடங்கியது. அந்தக் கண்கள் போதுமானதாக இருந்தன.

பேட்டின்சனிடமும் கண்களைப் பாருங்கள். முகமூடியைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றிப் பூசிய கறுப்பு மை வியர்வையில் கரைந்து அப்படியே இருக்கும். அப்புறம் மேயரின் இறுதிச் சடங்கு. அப்பாவைப் பறிகொடுத்த பையனை புரூஸ் பார்க்கிறார். ஒரு வசனமும் கிடையாது. அதே வயதில் தானும் அப்படி நின்றவர் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது. உள்ளே கார் பாய்ந்து வரும்போது, முகமூடியும் கவசமும் இல்லாமலே பையனைக் காப்பாற்றப் பாய்கிறார். எனக்கு அவர் முழு பேட்மேனாகத் தெரிந்தது அங்கேதான்.

பொருந்தாதவர் என்று நான் சொல்வது 1997-இல் நடித்த ஜார்ஜ் க்ளூனியை. நல்ல நடிகர், ஆனால் முகமூடி போட்டாலும் கழற்றினாலும் அதே ஆள், அதே புன்னகை. அந்தப் படத்துக்காக அவரே மன்னிப்பு கேட்டிருக்கிறார்.

உங்கள் குறையில் ஒரு பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தில் முகமூடி இல்லாத காட்சிகள் ரொம்பக் குறைவு. மருத்துவமனையில், தன்னை வளர்த்த பணியாளர் ஆல்ஃபிரட்டின் கையைப் பிடிக்கிறாரே, அதுபோல இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.