எலும்பு கூடிவிட்டது, எரிச்சல் அடங்கவில்லை: இழப்பீடு உண்டா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். வயது 38. பீஸ் ரேட்டில் மாதம் 15 ஆயிரம் ரூபாய் வரை வரும். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது கார் இடித்து வலது மணிக்கட்டு முறிந்தது. பிளேட் வைத்தார்கள். எக்ஸ்ரே பார்த்து “எலும்பு நல்லா கூடிருச்சு” என்கிறார் டாக்டர். ஆனால் கை தீப்பட்ட மாதிரி எரிகிறது. ஃபேன் காற்று பட்டாலே தாங்கவில்லை. வீங்குகிறது, நிறம் மாறுகிறது, கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. இன்சூரன்ஸ் தரப்பில் பேசியவர், “வலிக்கெல்லாம் காசு கிடையாதும்மா, முறிவுக்கு ஒரு தொகை வாங்கிக்கிட்டு லோக் அதாலத்துல முடிச்சுக்கலாம்” என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: இப்போது சொல்லாதீர்கள், சகோதரி. லோக் அதாலத்தில் சமரசமாகி உத்தரவு வந்துவிட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. ‘கை சரியாகவில்லை, இன்னும் கொஞ்சம் கொடுங்கள்’ என்று ஒரு வருடம் கழித்து திரும்பவும் போக முடியாது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விசாரித்துக் கொடுக்கும் தீர்ப்புக்கும் இதுதான் நிலை. பின்னால் கூடுதல் இழப்பீடு கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வழி இல்லை என்று 2002-லேயே நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரப்போகும் சிகிச்சைச் செலவையும் சேர்த்து ஒரே தடவையில் கேட்டாக வேண்டும். ஆகவே வழக்கை முந்திப் போடுங்கள். ஊன மதிப்பீட்டுக்கு மட்டும் முந்தாதீர்கள்.

முந்தச் சொல்வதற்குக் காரணம் கெடு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் மனு போட வேண்டும் என்பது சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. அதை நம்பி உட்கார வேண்டாம், உங்கள் கையில் இரண்டு மாதம் இருக்கிறது. விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தனி வக்கீல் என்றால், ‘வருகிற தொகையில் இத்தனை பர்சன்ட்’ என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. வெற்றுத் தாளிலோ, நிரப்பாத செக்கிலோ கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள்.

இனி வலிக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் சி.ஆர்.பி.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் நாட்பட்ட வலி நோயா என்று பார்க்கத் தோன்றுகிறது. மணிக்கட்டு முறிவுக்குப் பின் இது வருவது புதிதல்ல. எலும்பு கூடிய பிறகும் அந்தப் பகுதியின் நரம்பும் ரத்த ஓட்டமும் காயம் இன்னும் இருப்பது போலவே நடந்துகொள்ளும். எக்ஸ்ரே இதை மறுக்கவும் செய்யாது, நிரூபிக்கவும் செய்யாது. புடாபெஸ்ட் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி தொடர வேண்டும். அதோடு நான்கு வகை அடையாளங்கள்: தொட்டாலே வலிப்பது, நிறமும் சூடும் மாறுவது, வீக்கமும் வியர்வையும், நான்காவதாக அசைவு குறைவதோ நடுக்கமோ நகமும் முடியும் மாறுவதோ. இவற்றில் மூன்று வகையையாவது நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு வகையையாவது பரிசோதிக்கும் நேரத்தில் டாக்டரே கண்ணால் பார்க்க வேண்டும். வேறு நோயால் இது விளக்கப்படக் கூடாது. பிளேட் திருகு உறுத்துகிறதா, நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து விலக்குவது அதற்காகத்தான்.

வழக்குகள் சறுக்குகிற இடம் இதுதான். ஓ.பி. சீட்டில் ‘வலி’ என்று ஒரே சொல், கீழே இரண்டு மாத்திரை. ஆறு மாதமும் அதே மாதிரி இருந்தால் குறுக்கு விசாரணையில் அந்தச் சீட்டு ஐந்து நிமிடம் தாங்காது. ஆர்த்தோ டாக்டரிடம் சொல்லி வலி சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்க மருந்துத் துறையினரே இதைப் பார்க்கிறார்கள். நோயின் பெயர், இரண்டு கையின் சூட்டு வித்தியாசம், மணிக்கட்டின் சுற்றளவு, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடி எத்தனை கிலோ என்பதெல்லாம் எண்ணாகச் சீட்டில் ஏற வேண்டும். தயங்காமல் கேளுங்கள், எழுதித் தருவார்கள்.

போட்டோவும் எடுங்கள். கை சிவந்தோ நீலம் பாரித்தோ இருக்கும்போது இரண்டு கையையும் வெள்ளைத் துணி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். ஒற்றைக் கையை மட்டும் எடுத்தால் எதோடு ஒப்பிடுவது? ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி போதும்: எத்தனை மணி தூங்கினீர்கள், எந்த வேலை ஓடவில்லை. வலி குறைந்த நாளையும் எழுதுங்கள். எல்லா நாளும் பத்துக்குப் பத்து என்று இருக்கும் நோட்டை யாரும் நம்புவதில்லை. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை யாராவது வீடியோ எடுத்துக் காட்டினால், ‘நல்ல நாளில் தூக்குவேன், ராத்திரி அதற்கு அனுபவிப்பேன்’ என்ற பதிலுக்கு அந்த நோட்டுதான் துணை.

கேஸ் முடியும் வரை கையை ஆட்டாமல் வைத்திருந்தால் ஊன சதவீதம் கூடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த நோயில் அசைக்காத கை இறுகிப்போகும். பிசியோதெரபிக்குப் போகாத வாரங்களைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எண்ணுவார்.

காகிதங்களில் முக்கியமானவை: எஃப்.ஐ.ஆர்., முதன்முதலில் போன மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், ஆட்டோ செலவுச் சீட்டு உட்பட. எஃப்.ஐ.ஆரில் சாதாரணக் காயம் என்று இருந்தால், எலும்பு முறிவைக் காட்டிக் கொடுங்காயப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். இங்கே ஒரு வேடிக்கை. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு, 15 நாள் கடும் உடல் வலி இருந்தாலே அதைக் கொடுங்காயம் என்கிறது. ‘வலிக்கெல்லாம் காசு கிடையாது’ என்றவருக்குச் சட்டமே பதில் சொல்லி வைத்திருக்கிறது.

பணம் பெரும்பாலும் தொங்கி நிற்பது ஊன சதவீதத்தில். மருத்துவக் குழு அளப்பது மூட்டசைவையும் பலத்தையும்தான், வலிக்கென்று பெரிய இடம் இல்லை. உங்களுக்கு உடல் முழுமைக்கும் 10 சதவீதம் என்று வரலாம். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் கணக்குப் போட்டால் அந்தத் தலைப்பில் கிடைப்பது 50 ஆயிரம். ஆனால் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, உடல் ஊனம் வேறு, அதனால் பிழைப்புக்கு வந்த ஊனம் வேறு. குமாஸ்தாவின் கை வேறு, தச்சரின் கை வேறு. உங்கள் பிழைப்பில் 30 சதவீதம் போனதென்று நிரூபித்தால் கணக்கு இப்படி மாறும்: மாதம் 15,000, நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000, வருடத்துக்கு 2,52,000, அதை 36 முதல் 40 வயதுக்கான பெருக்கு எண் 15-ஆல் பெருக்கினால் வருவதில் 30 சதவீதம் 11,34,000 ரூபாய். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி வேதனை, வாழ்க்கை வசதி இழப்பு, வருங்காலச் சிகிச்சை எல்லாம் இதற்கு மேல்.

30 சதவீதம் தானாக வராது. ஓவர்லாக்கில் இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும், விரலில் அழுத்தம் மாறினால் தையல் விலகும் என்பது நீதிபதிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முன்பு ஷிப்டுக்கு எத்தனை பீஸ், இப்போது எத்தனை என்று சூப்பர்வைசரோ லைனில் கூட இருந்தவரோ சாட்சி சொல்லட்டும். சனிக்கிழமைச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், ஈ.எஸ்.ஐ. பதிவு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். ஒன்றும் இல்லையென்றால் வருமானத்தைத் தீர்ப்பாயம் தானாக ஊகித்துக்கொள்ளும், அது குறையவே வாய்ப்பு. டாக்டர் சாட்சிக்கும் இதே நியாயம்தான். ஒரு நாள் பார்த்துச் சான்று கொடுத்தவரைவிட, மாதக்கணக்கில் சிகிச்சை கொடுத்தவரின் சொல்லுக்கு எடை அதிகம். ‘எலும்பு கூடிவிட்டதுதானே?’ என்ற கேள்விக்கு, ‘கூடியது, நோய் அதில் இல்லை’ என்று சொல்ல அவரால்தான் முடியும்.

மதிப்பீட்டுக்கு எப்போது போவது? ஒழுங்கான சிகிச்சை நடந்து, இதற்கு மேல் பெரிய மாற்றமில்லை என்று டாக்டர் எழுதிய பிறகு. மனு ஏற்கெனவே கோப்பில் இருப்பதால் அவசரமில்லை. வட்டியும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படலாம்.

உங்கள் கணவர் மேலும் தப்பு என்று இழுக்கப் பார்ப்பார்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அதில் பங்கு இல்லை. தவறு இரண்டு வண்டி மேலும் என்று வந்தாலும், முழுத் தொகையையும் கார் தரப்பிடமே நீங்கள் கேட்கலாம். ஆனாலும் மனுவில் பைக் உரிமையாளரையும் அதன் இன்சூரன்ஸையும் சேர்ப்பதா என்பதை மட்டும் வக்கீலிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.